எண்ணெய் தடவிய முட்டைகள்

விமான நிலையத்தில் பறவை விரட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று அவனைக் கேட்காத ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் மனைவியின் அக்காவே கேட்டாள். "காக்கா ஓட்டறதுக்கா தம்பி சம்பளம் தர்றாங்க?" அவன் கோபித்துக்கொள்ளவில்லை. எஞ்சினுக்குள் ஒரு பறவை போனால் விமானத்துக்கு என்ன கதி ஆகும் என்று பொறுமையாக விளக்கினான். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டு, "அப்ப சரி, பெரிய வேலைதான்" என்று சம்மதித்தாள். தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவள் அவள். அந்த வீட்டில் அவள் ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பட்டாசு என்று பெயர். ஓடுபாதை ஓரத்தில் கொக்கோ பருந்தோ கூடினால் ஜீப்பில் போய் வெடி போடுகிறவன் என்பதால் வந்த பெயர். பேச்சில் என்னவோ நமுத்துப்போன பட்டாசுதான், அது வேறு விஷயம். ஜீப்பை ஓட்டுகிறவனுக்கு ஹாரன் என்று பெயர். வாயை மூடவே மாட்டான். இரண்டு பேருக்கும் மேலே ஓர் அதிகாரி. அவர் கட்டுப்பாட்டு அறையை விட்டு இறங்கி வந்து இவர்கள் பார்த்ததில்லை. வாக்கி-டாக்கியில் குரல் மட்டும் வரும். அவருக்கு இவர்கள் வைத்த பெயர் கொரகொர. அவரிடம் பேசும்போது மட்டும் சார் என்பார்கள்.

வெடிச் சத்தத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அசையாத பறவை ஒன்று உண்டென்றால் அது ஆள்காட்டிதான். மற்ற நாட்களில் அதுவும் கத்திக்கொண்டே பறந்துவிடும். முட்டை போட்டுவிட்டால் போச்சு, ஆளே மாறிவிடும். கூடு என்று பெரிதாக ஒன்றும் கட்டாது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் புல் தேய்ந்த கட்டாந்தரையில் ஒரு சின்னக் குழி, அதைச் சுற்றிக் கொஞ்சம் பொடிக்கல். அவ்வளவுதான் அரண்மனை. உள்ளே மண் நிறத்தில், கரும்புள்ளி போட்ட முட்டைகள். பக்கத்தில் போய் நின்றாலும் தெரியாது. மிதித்த பிறகுதான் ஐயோ என்று இருக்கும்.

முட்டைகளை எடுத்து உடைத்துப் போட்டால் வேலை முடிந்ததா என்றால், முடியாது. கொஞ்ச நாளிலேயே இன்னொரு குழி பறித்து மறுபடி போடும். அந்த இடைவெளியில் இடம் தேடுகிறேன் என்று ஓடுபாதைக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பறந்து விமானிகளின் உயிரை வாங்கும். அதனால் ஒரு வழி வைத்திருந்தார்கள். முட்டையின் மேல் சமையல் எண்ணெயைப் பூசி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவார்கள். ஓட்டில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் அடைத்துக்கொள்ளும், உள்ளே காற்று போகாது, குஞ்சு உருவாகாது. வெளியிலிருந்து பார்த்தால் முட்டை முட்டையாகவே இருக்கும். தாய்க்குத் தெரியாது. அது பாட்டுக்கு உட்கார்ந்து அடைகாக்கும். சலித்துப்போய் எழுந்திருப்பதற்குள் அந்த வருஷத்துப் பருவமே முடிந்திருக்கும். பறவையும் சாகவில்லை, விமானத்துக்கும் ஆபத்தில்லை, முட்டையை உடைத்த பாவமும் இல்லை. யார் கண்டுபிடித்தார்களோ, மகா கெட்டிக்காரர்கள்.

இந்த வேலையில் பட்டாசை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதலில் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பான். அடியில் படுத்தால்தான் எண்ணெய். மிதந்தால் உள்ளே குஞ்சு உருவாகிவிட்டது என்று அர்த்தம், அதைத் தொடமாட்டான். பொரிந்து போகும்வரை அந்தப் பக்கம் வண்டி போகாமல் பார்த்துக்கொள்வான். எண்ணெய் பூசியதை எடுத்தபடியே, கூர்முனை உள்பக்கம் பார்க்க வைப்பான். ஒரு பொடிக்கல் நகர்ந்திருந்தால் அதையும் பழையபடி வைத்துவிட்டு, வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்புவான். ஹாரன் ஒருமுறை குழியருகே எச்சில் துப்பியதற்கு அவன் அரை நாள் பேசவில்லை. "ஒருத்தர் வீட்டு வாசல்டா அது" என்றான். கூட்டை மதிக்கிறவன் என்று அவனுக்கு ஒரு பேரே இருந்தது. அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்த வருஷம், காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் கம்பத்துக்குக் கீழே ஓர் ஆள்காட்டி ஜோடி முட்டை வைத்தது. பட்டாசு போய்ப் பார்த்தான். தண்ணீரில் எல்லாம் அடியில் படுத்தன. எண்ணெய் பூசி, வைத்துவிட்டு வந்தான். பெண்பறவை சிறிது நேரம் தலைக்கு மேல் கத்திச் சுற்றிவிட்டு, இறங்கி வந்து, இறகை விரித்து ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தது. நல்லபடியாக முடிந்தது என்று அவன் கையைக் கழுவினான்.

வீட்டில் அப்போது மனைவிக்கு எட்டாம் மாதம். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. வயிற்றில் இருப்பதற்குக் குடித்தனக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். "வாடகையும் கிடையாது, அட்வான்ஸும் கிடையாது. படுத்தா போதும், உள்ள பீரோவை நகர்த்தற மாதிரி ஒரே ரகளை" என்று அடுத்த வீட்டுக்காரியிடம் புகார் சொல்வாள். முகத்தில் பெருமை வழியும். காலையில் எழுந்ததும் குடித்தனக்காரருக்கு அன்றைய சமையல் என்னவென்று அறிவிப்பாள். இவன் வேலைக்குப் போகும்போது, "அப்பா காக்கா ஓட்டப் போறாராம், டாட்டா சொல்லு" என்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கேன் எடுக்கப் போனார்கள். அக்காவும் கூட வந்தாள். ஸ்கேன் டாக்டரம்மா முதலில் சிரித்துப் பேசிக்கொண்டேதான் இருந்தாள். பிறகு பேச்சு நின்றது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கருவியை வயிற்றில் அங்கே வைத்துப் பார்த்தாள், இங்கே வைத்துப் பார்த்தாள், ஒரே இடத்தில் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள். அப்புறம், "துடைச்சுக்கிட்டு மெதுவா எழுந்திருங்கம்மா, அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு அவனையும் அக்காவையும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டாள்.

"குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்ல" என்றாள்.

காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. "மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்குமா?" என்று கேட்டான்.

"திரும்பத் திரும்பப் பாத்துட்டேன் சார். ரெண்டு மூணு நாள் ஆகியிருக்கலாம். காரணம் இப்ப சொல்ல முடியாது. அம்மாவுக்கு உடனே ஆபத்து ஒண்ணும் இல்ல. பெரிய டாக்டர் திங்கக்கிழமை வருவாங்க, அன்னிக்கு சேர்த்து வலி வர மருந்து கொடுக்கலாம். முன்னாடியே வந்தாலும் சேர்த்துக்குவோம். அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

அவன் வாயைத் திறப்பதற்குள், "நாங்க சொல்லிக்கறோம்" என்றாள் அக்கா.

வெளியே நடையில் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "திங்கக்கிழமை வரைக்கும் மூச்சு விடக்கூடாது தம்பி."

"அதெப்படிக்கா?"

"எப்படியோ. எனக்கு ஒண்ணு போச்சே, தெரியுமில்ல? இப்படித்தான் ஒரு நடையில நிக்கவெச்சு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. சொல்லிட்டு அவங்க பாட்டுக்குப் போய்ட்டாங்க. இடம் காலி இல்லன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதை வயித்துல வெச்சுக்கிட்டே நான் ரெண்டு நாள் கிடந்தேன். என் எதிரிக்குக்கூட அது வேண்டாம்." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இவளாவது அதுவரைக்கும் நிம்மதியா இருக்கட்டும். ஆஸ்பத்திரியில படுக்கவெச்சதுக்கு அப்புறம் டாக்டரே சொல்லட்டும். ரத்தக்கொதிப்பு வேற இருக்கு அவளுக்கு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும், ஆமா."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. பெற்ற வயிறு பட்ட பாட்டிலிருந்து சொன்னது. அவனுக்கோ, அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்ல வேண்டாம் என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது. அதுதான் உண்மை. தலையை ஆட்டிவிட்டான்.

மனைவி புடவையைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தாள். "என்னவாம்?"

"தண்ணி கொஞ்சம் குறைச்சலாம். திங்கக்கிழமை சேர்த்துப் பாத்துக்கலாம்னாங்க. நீ நிறைய தண்ணி குடிக்கணுமாம்" என்றாள் அக்கா, கண்ணிமைக்காமல்.

"இவ்வளவுதானா? ரெண்டு பேரும் மூஞ்சியை வெச்சிருக்கற லட்சணத்தைப் பாத்து எனக்கு உயிரே போச்சு." பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் வாங்கி, வீடு வருவதற்குள் மூச்சுமுட்டக் குடித்துத் தீர்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

சனிக்கிழமை காலை அவன் சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சமையல் அறிவிப்பு எதுவும் வரவில்லை.

"ஏங்க, இங்க வாங்களேன். குடித்தனக்காரர் சத்தத்தையே காணோம். ரெண்டு மூணு நாளாவே ஒரு மாதிரியாத்தான் இருக்கு. கையை வெச்சுப் பாருங்க."

போனான். வேறென்ன செய்வது? அவள் அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் இடப்பக்கம் வைத்து அமுக்கிக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அவள் மூச்சுதான் கைக்குக் கீழே ஏறி இறங்கியது. அவள் தன் வயிற்றைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசையுதா?"

அந்த நொடியில் அவன் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தெரியலையே என்று சொல்லியிருக்கலாம். டாக்டரைக் கேட்கலாம் வா என்று கூட்டிப் போயிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்ததும் பயந்துவிட்டான்.

"ம்... இப்ப. இந்தப் பக்கம். சின்னதா" என்றான்.

"நிஜமாவா?"

"ஆமா."

"அப்பாடா!" அவள் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்தில் நீர் கோத்திருந்தது. "என்னென்னவோ நெனச்சுட்டேங்க. எனக்குத்தான் வயிறு மரத்துப்போச்சு போலிருக்கு. சோம்பேறி, அப்பா கை வெச்சாதான் அசைவியா நீ?" என்று வயிற்றைத் தட்டினாள். அதற்குப் பிறகு எழுந்து போய், இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது, பழைய பருத்தித் துணியெல்லாம் வெந்நீரில் அலசிக் கொடியில் தொங்கின. எல்லாம் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்தவை. மத்தியானத்திலிருந்து தானே மூன்று நாலு தடவை அசைவை உணர்ந்ததாகச் சொன்னாள். "நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கே நல்லாத் தெரியுது" என்றாள். குடித்தனக்காரருக்கு, சிங்கம் பல் தேய்க்க மறந்துபோன கதை ஒன்றை முழுதாகச் சொன்னாள். சிங்கத்தின் குரலில் பேசி, தானே சிரித்தாள். அவன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாந்தி எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. விமான நிலையத்துக்கு ஏது ஞாயிறு? உச்சி நேரத்தில் இருவரும் ஜீப்பைத் துணிக்குழாய் கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். தார் உருகும் வாடை வந்தது. தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாய் ஒழுகி, பக்கத்துப் பள்ளத்தில் ஒரு குட்டை தேங்கியிருந்தது.

அந்த ஆள்காட்டி எழுந்து குட்டைக்குப் போனது. குடிக்கத்தான் போகிறது என்று பார்த்தால், குடிக்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கி உட்கார்ந்தது. வயிற்று இறகுகளை அப்படியும் இப்படியும் ஆட்டி நன்றாக நனைத்துக்கொண்டது. பிறகு குடுகுடுவென்று ஓடி வந்து, குழிக்கு மேலே கொஞ்சம் நின்றது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. மெதுவாக இறங்கி முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. இறகு காய்ந்ததும் மறுபடி எழுந்து ஓடியது. மறுபடி நனைத்தது. மறுபடி வந்தது.

"என்னடா பண்ணுது அது, போய்ப் போய்க் குளிச்சுட்டு வருது?" என்றான் ஹாரன்.

"வெயில்ல முட்டை வெந்துடக் கூடாதுன்னு தண்ணி கொண்டு போகுது."

"முட்டைக்குத்தான் எண்ணெய் போட்டாச்சே! எத்தனை வாரம் ஆச்சு!"

"அதுக்குத் தெரியாதில்ல."

ஹாரன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். "பாவம்டா. ஆனா ஒண்ணு, ஏமாத்தறதுல உன்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. பெத்தவளுக்கே சந்தேகம் வரலைன்னா பாத்துக்கயேன்."

அவன் ஒன்றும் தெரியாமல் பேசியவன். வீட்டு விஷயம் எதுவும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. பட்டாசு அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியிலேயே நின்றது. "டேய், என்னடா? என்ன சொல்லிட்டேன்?" என்றான். பட்டாசு பின்னிருக்கையிலிருந்து வாளியை எடுத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினான்.

கையுறை போடவில்லை. பழைய தடம் பார்த்துக் கால் வைக்கவில்லை. நேராக நடந்தான். பறவை தூரத்திலேயே பார்த்துவிட்டது. முதலில் தலைக்கு மேல் வந்து கத்தியது. பிறகு தரையில் இறங்கி, ஒரு சிறகை ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் தள்ளாடிப் போனது. என்னைப் பிடி, இந்தப் பக்கம் வா என்று கூப்பிடுகிற நாடகம். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். அன்றைக்குத்தான் அவனால் அதைப் பார்க்க முடியவில்லை. குனிந்து முட்டைகளை எடுத்தான். குளிர்ந்து ஈரமாக இருந்தன. பறவை பாய்ந்து வந்து அவன் காதோரம் சிறகால் அறைந்தது. அவன் தலையைக் காத்துக்கொள்ளவில்லை. ஒரு முட்டை கை நழுவி வாளி விளிம்பில் பட்டு உடைந்தது. கூழாக ஏதோ வழிந்தது. அழுகல் நாற்றம் அடித்தது.

இடுப்பில் வாக்கி-டாக்கி கொரகொரத்தது. "பட்டாசு, அங்க என்ன பண்றே?"

"முட்டையை எடுக்கறேன் சார்."

"எண்ணெய் போட்டதுதானே? யோவ், எதுக்கு எடுக்கறே? திரும்பப் போடும்யா!"

"போடட்டும் சார்."

"என்னது? உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

அவன் குமிழைத் திருகி அணைத்துவிட்டான். வேலை நேரத்தில் அதை அணைப்பது வேலைக்கே உலை வைக்கிற குற்றம். ஜீப்புக்குத் திரும்பி நின்று பார்த்தான். பறவை குழிக்குள் போய் உட்கார்ந்தது. எழுந்து கீழே பார்த்தது. திரும்பி வேறு பக்கமாக உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. எடுத்தது நல்லதா, இதைவிடப் பெரிய பாவமா என்று அவனுக்கு விளங்கவில்லை. "என்னை வீட்ல விட்டுடு" என்றான். ஹாரன் அன்று வழியெல்லாம் வாயைத் திறக்கவே இல்லை.

வீட்டில் அக்கா வந்திருந்தாள். தங்கைக்குத் தலைவாரி விட்டுக்கொண்டிருந்தாள். அவன் நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவள் கையில் சீப்பு நின்றுவிட்டது.

"என்னங்க, இந்த நேரத்துல? காதுல என்ன ரத்தம்?" என்றாள் மனைவி.

அவன் தரையில், அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"தம்பி!" என்றாள் அக்கா. "தம்பி, வேண்டாம், நான் சொல்றதைக் கேளுங்க..."

"குழந்தை போயிடுச்சு" என்றான். "உள்ளேயே. துடிப்பு நின்னுடுச்சு. டாக்டர் சொன்னாங்க. தண்ணி குறைச்சல்னு சொன்னது பொய்."

கூச்சல் போடுவாள், மயங்கி விழுவாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை மட்டும் வயிற்றின் மேல் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவி மடியில் விழுந்தது.

"எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

அவள் யோசித்தாள். கணக்குப் போடுகிற பிள்ளை மாதிரி உதடு அசைந்தது. "நேத்து காலையில கை வெச்சீங்களே."

அவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

"அசையுதுன்னு சொன்னீங்களே. நிஜமாவான்னு கேட்டேன். ஆமான்னீங்களே."

"பயமா இருந்துச்சு..."

"எனக்குத் தெரியும்" என்றாள். குரல் ஏறவே இல்லை. "எனக்கு முன்னாடியே தெரியும். உள்ள ஆளில்லாத வீடு மாதிரி இருந்துச்சு. அதனாலதான் உன்னைக் கேட்டேன்." இத்தனை வருஷத்தில் அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "என் உடம்பு இல்லன்னு சொல்லுது, நீ இருக்குன்னு சொன்னே. நான் உன்னை நம்பினேன். என் வயித்தை நம்பாம உன்னை நம்பினேன். அப்புறம் எனக்கே அசையற மாதிரி ஆயிடுச்சு. கதையெல்லாம் சொன்னேனே? சிங்கம் மாதிரி கத்தினேனே? நீ இங்கதானே உக்காந்திருந்தே? கேட்டுக்கிட்டுதானே இருந்தே?"

"அவரைத் திட்டாத. சொல்ல வேண்டாம்னு சொன்னவ நான்" என்று அக்கா அழுதாள். "நான் பட்டது நீ படக் கூடாதுன்னுதான்டி..."

"உனக்குச் சொன்னாங்க அக்கா. நீ ரெண்டு நாள் அதைக் கட்டிக்கிட்டு அழுதே. எனக்கு அந்த ரெண்டு நாளை ஏன் கொடுக்கல? நான் துணி தோச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேனே."

மனைவி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்தாள். அவன் கை கொடுக்கப் போனான், தட்டிவிட்டாள். "ஆட்டோ கூப்பிடு. இப்பவே போகணும். நாளைக்கு வரைக்கும் எல்லாம் முடியாது" என்றாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, வலி வந்து, எல்லாம் முடிவதற்கு மறுநாள் காலையாகிவிட்டது. அந்த வலியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? உயிரோடு பிறக்கிற பிள்ளைக்கு வருகிற அதே வலிதான், ஒரு துளி குறைச்சல் கிடையாது. அவன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தான். அவளை உள்ளே கொண்டுபோகும்போது அவள் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். "நான் பாக்கணும். பாக்காம யாராவது எடுத்துட்டுப் போனா உன்னை இந்த ஜென்மத்துல மன்னிக்க மாட்டேன்."

நர்ஸ் கையில் வெள்ளைத் துணிச்சுருளோடு வெளியே வந்தாள். பெண் குழந்தை என்றாள். அக்கா அவளிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள் போலிருக்கிறது. நர்ஸ் நேராக நடையின் கோடிக்குப் போகத் திரும்பினாள். அவன் குறுக்கே போய் நின்றான்.

"என்கிட்ட கொடுங்க."

"தம்பி, சொன்னாக் கேளுங்க." அக்கா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டா சாகற வரைக்கும் மறக்க மாட்டா. எனக்கு யாரும் காட்டல. அதனாலதான் நான் உயிரோட இருக்கேன்."

"நீங்க மறந்துட்டீங்களா அக்கா?"

அக்காவின் வாய் கோணியது. பிடி தளர்ந்து, சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல நின்றால் உள்ளே போகத் தைரியம் வராது என்று அவனுக்குத் தெரியும். துணிச்சுருளை வாங்கிக்கொண்டு கதவைத் தோளால் தள்ளினான்.

மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முடியெல்லாம் வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. அவன் பிள்ளையை அவள் பக்கத்தில் மெல்ல வைத்தான். துணி விலகியிருந்த இடத்தில் முகத்தைப் பார்த்திருந்தான். சத்தியமாகவே அது அவளுடைய முகம். அவளுடைய புருவம், அவளுடைய மோவாய். அதை எப்படியாவது அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது அவனுக்கு.

"பொண்ணு" என்றான். "அச்சு அசலா உன்னை மாதிரியே இருக்கா."

"நீ சொல்ல வேண்டாம்" என்றாள். "நானே பாத்துக்கறேன்."

திரும்பிப் படுத்து, முழங்கையை ஊன்றி எழுந்து, துணியைத் தானே பிரித்தாள். நெற்றியைப் பார்த்தாள். காது மடலைத் திருப்பிப் பார்த்தாள். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, உள்ளங்கையைப் பார்த்தாள். கால் நகம்வரை பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தச் சின்ன நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டான். டாக்டர் சொன்னதையோ அக்கா சொன்னதையோ அவன் சொன்னதையோ அவள் எடுத்துக்கொள்ளவில்லை. தன் கைக்கே தெரியும்வரை வெகுநேரம் காத்திருந்தாள். தெரிந்த பிறகு கையை எடுத்தாள். அப்புறம்தான் அழுதாள்.